கோல்ஃப் கிரீன் பராமரிப்பும் புதுப்பிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட வருபவர்கள், கிளப் கமிட்டியில் இருப்பவர்கள், புல்தரை வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என மூன்று தரப்பும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள் இவை. குழி இருக்கும், பந்தை உருட்டி ஆடும் குட்டைப் புல்தரைதான் கிரீன்; அதுவரை பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வழி ஃபேர்வே. கேள்விகள் பெரும்பாலும் மேலே தெரியும் புல்லைப் பற்றியே இருக்கும். பதிலைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு சாண் கீழே, மண்ணுக்குள் போய் நிற்கும்.

ஃபேர்வே ஜோராக இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கிரீன் மட்டும் ஏன் அடிக்கடி சீக்கு விழுகிறது?

முதல் காரணம் வெட்டும் உயரம். ஃபேர்வே புல்லை 10 முதல் 13 மி.மீ. வரை விட்டு வெட்டுகிறார்கள். கிரீனில் அது 3 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இலை குறைந்தால் புல் வெயிலில் தயாரிக்கும் உணவும் குறையும். உணவு குறைந்தால் வேர் ஆழமாக இறங்காது. போதாததற்குத் தினமும் வெட்டு, மைதானத்துக்கு வரும் அத்தனை பேரின் காலடி, மேலிருந்து விழும் பந்தின் அடி. ஒரு வேளைத் தண்ணீர் தவறினால் ஃபேர்வே பொறுத்துக்கொள்ளும். கிரீன் மதியத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

கிரீனுக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

மூன்று விதமாகக் கட்டியிருப்பார்கள். பழைய மைதானங்களில் அங்கேயே கிடைத்த மண்ணைக் குவித்து, மேட்டைச் செதுக்கிப் புல் வளர்த்திருப்பார்கள். மேற்பரப்புச் சரிவுதான் அதற்கு வடிகால். இரண்டாவது முறையில் சரளை அடுக்கு கிடையாது. அடிமண்ணில் வாய்க்கால் வெட்டிக் குழாய் பதித்து, அதன் மேல் நேராக மணலைக் கொட்டுவார்கள். கலிஃபோர்னியா முறை என்று இதற்குப் பெயர்.

மூன்றாவது, யு.எஸ்.ஜி.ஏ. எனப்படும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்டு, அப்புறம் பல தடவை திருத்திய முறை. அடியில் வடிகால் குழாய்கள், குழாய்க்குக் குழாய் அதிகபட்சம் 4.5 மீட்டர். அதன் மேல் 10 செ.மீ. சரளை. அதற்கும் மேல் 30 செ.மீ. மணல் கலவை. இந்த மணலில் குறைந்தது 60 சதவீதம் 0.25 முதல் 1 மி.மீ. வரையிலான பொடிகளாக இருக்க வேண்டும். வண்டல் 5 சதவீதத்தையும் களி 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

"அடியில் சரளை இருக்கிறதே, தண்ணீர் மொத்தமும் சட்டென்று வடிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். வடியாது. பொடி மணலின் துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியை விட்டுப் பெரிய இடைவெளி உள்ள சரளைக்குள் அது சுலபமாக இறங்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். கிரீன், படுத்திருக்கும் ஸ்பாஞ்ச். மணல் அடுக்கின் அடிப்பாகத்தில் ஈரம் தங்கும், மேல்பாகத்தில் காற்று நிற்கும். பலத்த மழை பெய்தால் மட்டும் தாங்க முடியாத தண்ணீர் சரளைக்கு இறங்கிக் குழாய் வழியே ஓடிவிடும். 30 செ.மீ. என்ற அளவு இந்தக் கணக்கில் வந்தது. கட்டும்போது ஒரு பக்கம் 20, ஒரு பக்கம் 40 என்று போட்டால் ஒரு பக்கம் எப்போதும் சொதசொதக்கும், இன்னொரு பக்கம் எப்போதும் காயும். பின்னால் எந்த மருந்தும் இதைச் சரிக்கட்டாது.

எந்தப் புல் நல்லது?

தட்பவெப்பத்தைச் சொன்னால்தான் புல்லைச் சொல்ல முடியும். குளிர்ப் பகுதிகளில் கிரீப்பிங் பென்ட்கிராஸ். அதன் வேர், மண் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக வளரும். கோடை உச்சத்தில் சுருங்கும். வெப்பப் பகுதிகளில் அருகம்புல் இனத்தின் குட்டைக் கலப்பினங்கள், அதாவது டிஃப்ஈகிள், சாம்பியன், மினிவெர்டே போன்ற பெர்முடா வகைகள். இவை 27 முதல் 35 டிகிரியில் குஷியாக வளரும், ஆனால் நிழலை அறவே தாங்காது. உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் சீஷோர் பாஸ்பலம். போவா அன்னுவா என்ற புல்லை யாரும் விதைப்பதில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சில பேர்பெற்ற மைதானங்களில் அதையே வளர்த்துப் பராமரிக்கிறார்கள்.

வகையை மாற்றுவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானம் 1981 மாஸ்டர்ஸ் போட்டிக்கு முன் பெர்முடாவிலிருந்து பென்ட்டுக்கு மாறியது. பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் 2014 யு.எஸ். ஓப்பன் முடிந்த கையோடு பென்ட்டிலிருந்து பெர்முடாவுக்கு மாறியது. எதிரெதிர் திசையில் போன இரண்டு முடிவுகள். புதிய ரகங்கள் வர வர, எந்தப் புல் எங்கே தாங்கும் என்ற எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கிரீனை எவ்வளவு உயரத்தில் வெட்டலாம்?

பென்ட்கிராஸ் கிரீன் 2.5 முதல் 3.2 மி.மீ. வரை. ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற பொது விதி இங்கேயும் உண்டு. வெப்பம் ஏறும் மாதங்களில் கால் மில்லிமீட்டர் ஏற்றி வையுங்கள். அந்த வித்தியாசத்தை ஆடுபவர் உணர மாட்டார், புல் நன்றாகவே உணரும்.

உயரத்துக்குச் சமமாகக் கத்தியின் கூர்மையும் முக்கியம். ரீல் மோவர் என்ற புல்வெட்டும் எந்திரத்தில் சுழலும் பிளேடும் அடியில் அசையாமல் இருக்கும் பெட்நைஃபும் கத்தரிக்கோலின் இரு அலகுபோல வேலை செய்கின்றன. காலையில் எந்திரத்தை வெளியே எடுக்கும் முன் ஒரு காகிதத் துண்டை இரண்டுக்கும் நடுவே நீட்டி ரீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். விளிம்பு முழுக்கச் சுத்தமாக வெட்டினால் சரி. ஓர் இடத்தில் மடங்கிக் கிழிந்தால் அந்த அகலத்துக்குக் கிரீன் முழுக்கப் புல்லும் அப்படித்தான் கிழியும். கிழிந்த நுனி மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். நோய் நுழையவும் அதுதான் வாசல்.

வெட்டும் திசையைத் தினமும் மாற்ற வேண்டும். ஓரத்தைச் சுற்றி வரும் கடைசி வட்டத்தைச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். எந்திரம் திரும்பும் அந்த வளையத்தில்தான் புல் முதலில் தேயும்.

'கிரீன் இன்று 10 ஓடுகிறது' என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஸ்டிம்ப்மீட்டர் கணக்கு. 1935 யு.எஸ். ஓப்பனில் ஒரு முன்னணி ஆட்டக்காரரின் பந்து கிரீனை விட்டே உருண்டோடியதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீன்கள் அநியாய வேகத்தில் இருப்பதை நிரூபிக்க மரத்தில் ஒரு சாய்வுக் கருவி செய்தார். யு.எஸ்.ஜி.ஏ. 1976இல் அதை அலுமினியத்தில் மாற்றி வடிவமைத்தது. மூன்றடி நீளமான பள்ளக்கம்பி. பந்தை அதன் மேல்பக்கக் குழியில் வைத்து மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். சமதளமான இடத்தில் ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த் திசையில் மூன்று பந்து. சராசரி எத்தனை அடியோ அதுதான் வேகம்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க மைதானங்களில் அளந்தபோது சராசரி 6½ அடிதான். இன்று 9க்குக் கீழே போனால் மந்தம் என்று முகம் சுளிக்கிறார்கள். அதிக வேகத்தைக் கண்டிக்கப் பிறந்த கருவியையே வைத்து இன்று வேகப் போட்டி நடக்கிறது. என்னைக் கேட்டால், 18 கிரீனும் ஒரே சீராக 9 ஓடுவது, நாலு கிரீன் 11, மற்றவை 8 என்று ஓடுவதைவிட எவ்வளவோ மேல். அந்தக் கருவியின் சரியான பயன் இந்தச் சீர்மையைச் சோதிப்பதுதான்.

வெட்டும் உயரத்தைக் குறைக்காமல் வேகத்தைக் கூட்ட முடியுமா?

முடியும். இலேசான உருளை எந்திரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டலாம், ஓட்டும் நாளில் வெட்டைக்கூடத் தவிர்க்கலாம். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வுகளில் இப்படி உருட்டிய கிரீன்களில் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோயும் குறைந்திருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது உருட்டினால் மட்டும் இறுகிவிடும், எச்சரிக்கை.

அடுத்து, மெல்லிய மணல் தூவல். அப்புறம் டிரைனெக்ஸபாக்-எதில் போன்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து. இது இலை நீள்வதை மட்டுப்படுத்தும், அடர்த்தி கூடும். வெயில் காலத்தில் புல் அதைச் சீக்கிரமே செரித்துவிடும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துத் தெளிக்காமல் சேர்ந்துவரும் வெப்ப அளவைப் பார்த்துத் தெளிப்பதே சரி. இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால்தான் உயரத்தில் கை வைக்க வேண்டும்.

நல்லா இருக்கிற கிரீனில் எதற்கு இப்படித் துளை போட்டு நாசம் செய்கிறீர்கள்?

வருஷா வருஷம் வரும் கேள்வி. வருஷா வருஷம் அதே கோபத்தோடு வரும்.

புல் வளரும்போது பழைய தண்டும் வேரும் சாகும். அவை மக்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடும்போது, மேல் மண்ணில் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோன்ற ஓர் அடுக்கு உருவாகும். தாட்ச் என்பார்கள். கொஞ்சம் இருந்தால் நல்லது, பந்தின் அடியைத் தாங்கும். தடித்துவிட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை உள்ளே விடாது. வேர் அந்த அடுக்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே மணலுக்கு இறங்காது. கிரீன் மேலே பச்சையாகவும் மிருதுவாகவும் இருக்கும்; பார்ப்பவருக்கு எல்லாம் சுகம். ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, அடுத்த வாரம் கடும் வெயில் அடித்தால் அப்போது தெரியும்.

துளையிடும் எந்திரத்தின் குழல் ஊசி அந்த அடுக்கைத் துண்டு துண்டாகப் பிடுங்கி எடுக்கிறது. ஓட்டையில் மணலை நிரப்புகிறோம். கணக்கைப் பாருங்கள். 12 மி.மீ. ஊசி, 50 மி.மீ. இடைவெளி: ஒரு சதுர மீட்டரில் 400 துளை, பரப்பில் சுமார் 4.5 சதவீதம். 'வலிக்காமல்' செய்யச் சொல்லி 6 மி.மீ. ஊசிக்கு மாறினால் பாதி என்று நினைப்பீர்கள். உண்மையில் வெறும் 1.1 சதவீதம். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. சின்ன ஊசியால் அதே வேலையைச் செய்ய நாலு தடவை ஓட்ட வேண்டும்.

மணல் கணக்கும் அப்படித்தான். 12 மி.மீ. துளை 75 மி.மீ. ஆழம் போனால், நிரப்ப மட்டும் சதுர மீட்டருக்கு 3.4 லிட்டர். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 1.7 கன மீட்டர், உலர்ந்த மணலாக ஏறக்குறைய 2.7 டன். பலரும் இதில்தான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மணல் முழுதாக நிரம்பாத துளை மேலே மூடிக்கொள்ளும், மேடு பள்ளம் தங்கும், இரண்டு வார அவஸ்தைக்கும் பலன் பாதி.

எப்போது துளையிடுவது?

புல் வேகமாக வளரும் பருவத்தில் மட்டும். பென்ட்டுக்கு இளவேனிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும், பெர்முடாவுக்குக் கோடை. அந்தப் பருவத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். போட்டி அட்டவணையைப் பார்த்து வளராத மாதத்துக்குத் தள்ளி வைத்தால் அதே காயம் மாதக்கணக்கில் தெரியும். கமிட்டி கூட்டத்தில் இதை ஒரு தடவை உரக்கச் சொல்லிவிடுவது நல்லது.

துளையே போடாமல் மணல் மட்டும் தூவிச் சமாளிக்க முடியாதா?

ஏற்கெனவே ஆரோக்கியமாக இருக்கும் கிரீனில் பெருமளவு முடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மெல்லிசாகத் தூவிக்கொண்டே வந்தால் சேரும் தாட்ச் மணலோடு கலந்து நீர்த்துவிடும். கணக்கு சுலபம்: 1000 சதுர மீட்டருக்கு ஒரு கன மீட்டர் மணல் என்றால் ஒரு மி.மீ. கனம். ஏற்கெனவே தடித்துக் கிடக்கும் அடுக்கின் மேல் வெறுமனே மணலைப் போட்டால் அதைப் புதைத்ததாகும், தீர்த்ததாகாது.

எந்த மணல் என்பதில் பிடிவாதமாக இருங்கள். அடியில் என்ன மணலோ அதே பொடி அளவு. இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் மலிவாகக் கிடைத்த இன்னொன்று என்று போட்டால் மண்ணுக்குள் கோடு கோடாக அடுக்கு விழும். ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் தயங்கி நிற்கும்.

தினமும் தண்ணீர் விட வேண்டுமா?

தினமும் பார்க்க வேண்டும். தினமும் விட வேண்டும் என்பதில்லை. மண்ணில் குத்தி ஈரத்தைச் சதவீதமாகக் காட்டும் மீட்டரால் ஒவ்வொரு கிரீனிலும் மேடு, பள்ளம், நடு என்று சில இடங்களில் அளந்து, காய்ந்த இடத்துக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து விடுவதுதான் நல்ல வேலை. ஸ்பிரிங்க்ளரைத் திருகிவிட்டால் காய்ந்த மேட்டுக்காக ஏற்கெனவே நனைந்திருக்கும் பள்ளமும் குளிக்கும்.

கடும் வெயிலில் மதியம் இலை மேல் பொசபொசவென்று தூவுவது வேறு விஷயம். அது புல்லைக் குளிரவைக்க, வேருக்குக் குடிக்கக் கொடுக்க அல்ல. ஈரமான மண்ணும் கொதிக்கும் வெயிலும் சேரும் மத்தியானங்களில்தான் பென்ட்கிராஸ் சாகிறது. வாடுகிறதே என்று அப்போது மேலும் தண்ணீரை ஊற்றுவது பலர் செய்யும் வேலை.

நடுவில் ஓர் இடம் மட்டும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் காய்கிறதே?

அந்த இடத்தில் மணல் பொடிகளின் மேல் மக்கிய பொருள்கள் மெழுகு மாதிரி படிந்து தண்ணீரை ஒட்டவிடாமல் செய்திருக்கும். சோதிப்பது எளிது. ஒரு மண்கோலால் சின்ன மண் உருளை எடுத்து நிழலில் உலரவிட்டு, படுக்கவைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே போனால் நல்ல மண். முத்தாக உருண்டு நின்றால் அந்த ஆழத்தில் பிரச்சினை. பெரும்பாலும் மேல் நாலைந்து செ.மீ.யில்தான் நிற்கும். துளையிட்டு, ஈரமூட்டும் மருந்தை விட்டு, அது அந்த ஆழத்துக்குப் போகும் அளவு தண்ணீர் விட வேண்டும். காய்ந்து வெளுத்த பிறகு ஆரம்பிப்பதைவிடக் கோடைக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது.

தோண்டினால் கறுப்பாக ஒரு கோடு, அழுகிய முட்டை நாற்றம். என்ன அது?

காற்று இல்லாத மண். அங்கே வாழும் நுண்ணுயிரிகள் கந்தகத்தைக் கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்குகின்றன. அது இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள், துளையிடுங்கள், வடிகால் வாய் அடைத்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். சல்ஃபேட் உரங்களையும் கந்தகத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

உரம் எவ்வளவு?

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வளரும் பருவத்தில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு அரை கிராம் நைட்ரஜன் என்ற அளவில் திரவமாகத் தெளிப்பது பரவலான பழக்கம். கூட்டவோ குறைக்கவோ புல்லின் நிறத்தைவிட வெட்டும்போது கூடையில் சேரும் புல்லின் அளவு நல்ல வழிகாட்டி. பாஸ்பரஸ், பொட்டாஷ், சுண்ணாம்பு எல்லாம் மண் பரிசோதனை சொன்னபடி. அதற்கு மேல் பேச இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நோய்கள்? எந்த மருந்து அடிப்பது?

மருந்துக்கு முன் எது நோய் என்று தெரிய வேண்டும். நாணயம் அளவில் வெளுத்த குழிப் புள்ளிகள், காலையில் பனியோடு வெள்ளை நூல் படலம் என்றால் டாலர் ஸ்பாட். இலை நெடுநேரம் நனைந்திருப்பதும் நைட்ரஜன் பற்றாக்குறையும் அதற்கு வசதி. விடியற்காலையில் பனியை மூங்கிலாலோ கயிற்றாலோ தட்டிவிடுவதும், கொஞ்சம் நைட்ரஜன் கொடுப்பதும் கணிசமாகக் குறைக்கும். புழுக்கமான இரவுகளுக்குப் பின் பெரிய வட்டமாகப் பழுத்து ஓரத்தில் புகைநிற வளையம் தெரிந்தால் பிரவுன் பேட்ச். எண்ணெய் பட்டதுபோல் கறுத்துத் தண்ணீர் ஓடிய வழியிலும் மோவர் ஓடிய வழியிலும் கோடாகப் பரவினால் பித்தியம். இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது, ஒரே இரவில் பெரும் பரப்பைச் சாய்த்துவிடும். அந்தக் கிரீனில் ஓடிய மோவரை அடுத்த கிரீனுக்கு அப்படியே ஓட்டவும் கூடாது.

போவா அன்னுவாவைக் கொல்லும் ஆந்த்ராக்னோஸ் பெரும்பாலும் நாமே வரவழைப்பது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியது இதுதான்: உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி, நைட்ரஜனைச் சிறுகச் சிறுகக் கொடுத்தாலே தீவிரம் இறங்கிவிடும். மருந்து அடித்தால், ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் வகையை மாற்றி அடியுங்கள். பூஞ்சைக்கும் பழகிவிடும்.

பந்து விழுந்த பள்ளத்தை எப்படிச் சரிசெய்வது?

இதற்கென்றே உள்ள சின்ன ஃபோர்க்கைப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். நெம்பி மேலே தூக்காதீர்கள், வேர் அறுந்துவிடும். கடைசியில் பட்டரால், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் மட்டையால், தட்டிச் சமன் செய்தால் முடிந்தது. உடனே செய்தால் சில நாளில் தடம் தெரியாது.

குழியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஆட்டம் அதிகமுள்ள நாளெல்லாம் தினமும். குழியின் விட்டம் 108 மி.மீ., ஆழம் குறைந்தது 101.6 மி.மீ.; இது விதி. இடம் தேர்வது கலை. ஓரத்திலிருந்து நாலைந்து தப்படி உள்ளே, சுற்றிலும் ஒரு மீட்டர் அளவு சீரான தளம். வேகமான கிரீனில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் பந்து குழியருகே நிற்காது. வேகம் ஏற ஏறக் குழி வைக்கத் தகுந்த இடம் சுருங்கும், அதே நாலு இடத்தில் எல்லோரும் மிதிப்பார்கள். வேகப் பைத்தியத்தின் மறைமுகச் செலவுகளில் இது ஒன்று.

ஒரு கிரீன் மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட மோசமாக இருக்கிறது. ஏன்?

முதலில் நிமிர்ந்து மரத்தைப் பாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அங்கே ஒரு மரம் நிற்கும். பெர்முடாவுக்கு நாளுக்கு எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். பென்ட் சற்றுக் குறைவாகத் தாங்கும், ஆனால் காலை வெயில் அதற்கு முக்கியம். பனி சீக்கிரம் உலர வேண்டும். மரங்கள் காற்றையும் அடைக்கும், வேரால் தண்ணீரையும் இழுக்கும். நாற்பது வருடத்துக்கு முன் நட்டபோது அது இடுப்பு உயரம், யாருக்கும் தோன்றியிருக்காது. கிளையைக் கழிப்பதா மரத்தையே எடுப்பதா என்ற வாக்குவாதம் நீளும். ஆனால் நிழலைத் தீர்க்காமல் புல்லை மட்டும் மாற்றினால் புதுப் புல்லும் அதே இடத்தில் அதே மாதிரி சாகும்.

எங்கள் கிரீன்கள் முன்பு பெரிதாக இருந்தன என்கிறார்கள் பழையவர்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. மோவர் ஓட்டுபவர் காலர் எனப்படும், கிரீனைச் சுற்றிய சற்று உயரமான ஓரப் புல்லைச் சிதைத்துவிடக் கூடாதே என்று ஓரத்தில் ஓர் அங்குலம் உள்ளே ஓட்டுவார். சில பத்தாண்டில் மீட்டர்கணக்கில் சுருங்கி, மூலைகள் உருண்டு, நல்ல குழி இடங்கள் காலருக்குள் போய்விடும். மண்கோலால் ஓரத்தில் வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். மணல் கலவை முடிந்து சாதா மண் எங்கே ஆரம்பிக்கிறதோ அதுவே பழைய எல்லை. அதுவரை மீட்கலாம்.

ஓரத்தை ஆராயும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மணல் தூவித் தூவிக் கிரீன் விளிம்பில் ஒரு சின்ன வரப்பு எழும்பியிருக்கும். மழைத்தண்ணீர் வழிந்து வெளியேற முடியாமல் அதில் முட்டி நிற்கும். அந்த இடத்தில் புல்லைப் பெயர்த்து, மண்ணைச் சீவி, திரும்பப் பதித்தால் போதும். ஒரு நாள் வேலை, பல வருடத் தொல்லை தீரும்.

முழுக்கப் புதுப்பிக்க வேண்டுமா, பராமரிப்பிலேயே சரிசெய்யலாமா? எப்படி முடிவெடுப்பது?

தோண்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நல்ல கிரீன் ஒன்று, மோசமான கிரீன் ஒன்று, இரண்டிலும் 30 செ.மீ. ஆழத்துக்கு மண் உருளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாட்ச் எவ்வளவு, வேர் எதுவரை, கறுப்புக் கோடு உண்டா, மணல் அடுக்கடுக்காக இருக்கிறதா, எல்லாம் கண்ணுக்கே தெரியும். பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பி மக்குப் பொருளின் சதவீதத்தையும் தண்ணீர் இறங்கும் வேகத்தையும் பார்க்கலாம். யு.எஸ்.ஜி.ஏ. முறையில் புதிய கலவைக்கு மணிக்கு 150 மி.மீ. குறைந்தபட்ச அளவு. பழைய கிரீனில் அது குறையத்தான் செய்யும். எவ்வளவு, எந்த ஆழத்தில் என்பதே கேள்வி.

கோளாறு மேல் 5 செ.மீ.யில் என்றால் துளையிடலும் மணலும் இரண்டு மூன்று வருடத்தில் சரிசெய்யும். புல் கலப்படமாகிவிட்டது, ஆனால் அடித்தளம் நன்றாக வடிகிறது என்றால் புல்லை மட்டும் மாற்றுங்கள். மண் நன்றாக இருந்து வடிகால் மட்டும் இல்லாத பழைய கிரீனில், புல்லை வேர்மண்ணோடு பலகையாகப் பெயர்த்துக் குறுகிய வாய்க்கால் வெட்டிக் குழாய் பதித்து மூடலாம். சில நாளில் ஆடவும் முடியும். குழாய் நொறுங்கியிருந்தாலோ, மணலோடு களி கலந்திருந்தாலோ, சரிவு இன்றைய வேகத்துக்குப் பொருந்தாமல் குழி வைக்க இடமே இல்லாவிட்டாலோ இடித்துக் கட்டுவதுதான் வழி. கிரீன் அசிங்கமாகத் தெரிகிறது என்பது மட்டும் இடிக்கக் காரணமாகாது.

புல்லை மட்டும் மாற்றுவது என்றால் என்னென்ன வேலை?

பழைய புல் நன்கு வளர்ந்துகொண்டிருக்கும்போது களைக்கொல்லி அடித்து, இடைவெளி விட்டு மறுபடி அடிக்க வேண்டும். வாடிய புல் மருந்தை உள்ளே இழுக்காது. பழைய பெர்முடா என்றால் இதுவும் போதாமல் மண்ணை மருந்துப் புகையால் சுத்தம் செய்வார்கள். தப்பிய ஒரு துண்டுத் தண்டு போதும், புதுப் புல்லில் வேறு நிறத் திட்டாக எழும்பும். செத்த புல்லைச் சீவி, தாட்சை எவ்வளவு முடியுமோ அவ்வளவு துளையிட்டு எடுத்து, அதே மணலால் நிரப்பிச் சமன் செய்யுங்கள். கிரீன் மூடிக்கிடக்கும் இந்த வாய்ப்பு மறுபடி வராது. துளையிடலில் தாராளமாக இருங்கள்.

பென்ட் விதை சதுர மீட்டருக்கு 5 கிராம் போதும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும், அவ்வளவு பொடி. ஆழப் புதைத்தால் முளைக்காது. தூவி, உருட்டி, மேல் மண் காயாமல் நாளுக்குப் பல தடவை இலேசாக நனைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் பச்சை தெரியும். பெர்முடாவின் குட்டை ரகங்களை விதையால் வளர்க்க முடியாது. தண்டுத் துண்டுகளைப் பரப்பி மண்ணில் அழுத்த வேண்டும்.

அப்புறம் எப்போது ஆடலாம்?

நல்ல வெப்பத்தில் பெர்முடா பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தயாராகும். பென்ட்டை இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் விதைத்து அடுத்த இளவேனிலில் திறப்பது பாதுகாப்பு. முதல் வெட்டு 10 மி.மீ.யை ஒட்டி இருக்கட்டும், பிறகு வாரம் வாரமாக இறக்குங்கள். திறப்பு விழாத் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் புல்லை அதற்குள் வளரச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பார்க்கும் வினை.

இதற்கிடையில் ஆட, ஃபேர்வேயின் நல்ல சமதளமான பகுதியை இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே படிப்படியாக இறக்கி வெட்டி, மணல் தூவி, தற்காலிகக் கிரீன் தயார் செய்யலாம். கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் வெறும் மொட்டைத் தரைதான் கிடைக்கும்.

புதுக் கிரீன் கல்லு மாதிரி இருக்கிறது, பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. கட்டியதில் தப்பா?

தப்பில்லை. புது மணலில் தாட்ச் இன்னும் சேரவில்லை, அடியைத் தாங்க மெத்தை இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் தானாக மிருதுவாகும். அதுவரை புகார் வரும், கமிட்டியும் தண்ணீரைக் கூட்டச் சொல்லும். கூட்டாதீர்கள், வேர் இறங்க வேண்டிய பருவம் அது. வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் அதிக நைட்ரஜன், அரை மில்லிமீட்டர் அதிக உயரம், மெல்லிய மணல் தூவல், இவ்வளவு போதும். குழல் ஊசி முதல் வருடத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. அடுத்த வருடம் மண் உருளையை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.